சிறுவிடைக் கோழியும் உங்கள் கைபேசியும்

உங்கள் போனில் டார்ச் இருக்கிறதல்லவா, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோழியை அடை வைத்த 7-ஆம் நாள் ராத்திரி, அறை விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையை டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை, எடுத்துவிடலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் அப்படிப் பார்த்தபோது பத்து முட்டையில் ஆறு முட்டை வெறுமையாக இருந்தது. என் மாமியார் காலத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது குஞ்சு வெளியே வரும். அதே வீடு, அதே பஞ்சாரம், அதே தவிடும் கம்பும்தான்.

எங்களிடம் இருப்பது சிறுவிடை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெருவிடை என்பது உயரமாக, கனமாக வளர்வது. சிறுவிடை சின்ன உடம்பு, பல நிறம். முட்டை அதிகம் வைக்காது. ஆனால் தானே அடை உட்காரும், தானே குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும், பருந்து நிழல் விழுந்தால் ஒரே குரலில் எல்லாக் குஞ்சையும் செடிக்கடியில் அனுப்பிவிடும். கரண்ட், இன்குபேட்டர் எதுவும் வேண்டாம். அதனால்தான் கையில் காசில்லாத வீட்டிலும் அது நின்றது. இன்றைக்கு "நாட்டுக்கோழி" என்று போர்டு போட்டு விற்பதில் நிறைய கலப்பினம். கலப்படமில்லாத சிறுவிடையைத் தேடித்தான் போகணும்.

ஆறு முட்டை ஏன் வீணானது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டேன். டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. "சேவல் எத்தனை? எத்தனை வருஷமா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஒரே சேவல், நாலு வருஷம். அது வயதான சேவல் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதன் மகள்களும் பேத்திகளும்தான் இப்போது பெட்டைகள். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் கரு கூடுவது குறையும், குஞ்சு முட்டைக்குள்ளேயே சாகும், பிழைத்ததும் சோடையாக நிற்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் வைத்திருந்தால் பதினோரு கோழி என்று நினைக்கிறோம். எல்லாக் குஞ்சுக்கும் அப்பா ஒருத்தர்தானே! இன விருத்திக் கணக்குப்படி அது நாலு கோழிக்குக்கூடச் சமமில்லை. அதே பத்துப் பெட்டைக்கு மூன்று சேவல் இருந்தால் ஒன்பதைத் தாண்டும். பெட்டையைக் கூட்டுவதைவிடச் சேவலைக் கூட்டுவதுதான் லாபம். நாமோ சேவலைத்தான் முதலில் அறுக்கிறோம்!

சரி, வேறு சேவல் வாங்கலாம் என்று போனில் தேடினேன். ஒரு வீடியோவில் "சுத்தச் சிறுவிடை" என்று அழகாகக் காட்டினார்கள். முன்பணம் அனுப்பினேன், இருபது குஞ்சு வந்தது. வளர வளர உடம்பு கனத்தது. பெட்டைகள் முட்டையைக் குவித்தன, ஆனால் ஒன்றுகூட அடை உட்காரவில்லை. முட்டைக்காகவே உருவாக்கிய இனங்களில் அடை உட்காரும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அந்த ரத்தம் கலந்தால் இந்தக் குணமும் போய்விடும். அதற்குள் அந்தச் சேவல்கள் என் பழைய பெட்டைகளோடும் சேர்ந்துவிட்டன. ஒன்றரை வருஷக் குஞ்சுகளை மனசில்லாமல் கறிக்குக் கொடுத்தேன். பழைய பெட்டைகளில் மூன்றுதான் மிச்சம்.

நீங்கள் வாங்கும்போது குஞ்சைப் பார்த்து வாங்காதீங்க, தாயைப் பார்த்து வாங்குங்க. அது அடையில் உட்கார்ந்திருப்பதை நேரில் போய்ப் பாருங்க. பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காத ஆசாமிகளும் உண்டு. அப்படி நடந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்க. நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

மிஞ்சிய மூன்று பெட்டையை வைத்து எப்படி மீண்டேன் என்றால், அது எங்கள் மூன்று வீட்டுக் கதை. அடுத்த தெரு அக்கா வீட்டில் நல்ல சிறுவிடை இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பெரியப்பாவிடமும் இருந்தது. ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். விதி ஒன்றே ஒன்று: பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும், இளஞ்சேவல்கள் வருஷம் ஒருமுறை அடுத்த வீட்டுக்குப் போகும். என் வீட்டுச் சேவல் அக்காவுக்கு, அக்கா சேவல் பெரியப்பாவுக்கு, அவர் சேவல் எனக்கு. எப்போதும் அதே திசைதான். மாற்றிச் சுற்றினால் கணக்குக் கெட்டுவிடும். இப்படிச் செய்தால் எந்தச் சேவலும் தன் கூடப் பிறந்ததோடு சேராது. எங்கள் வீட்டுக்காரர் இதை "மாப்பிள்ளை அனுப்புறது" என்பார்!

எந்த வீட்டுச் சேவல் என்று மறக்காமல் இருக்க, காலில் கலர் வளையம் போட்டுப் போட்டோ எடுத்துவிடுகிறோம். முட்டையில் பென்சிலால் தேதி எழுதுகிறோம். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகக் கூடாது. வெயில் காலத்தில் மூன்று, நாலு நாளே அதிகம். கூர்முனை கீழே இருக்கட்டும், கழுவ வேண்டாம். சின்னக் கோழிக்கு எட்டு முதல் பத்து முட்டை போதும். அடை வைத்த அன்றே போனில் 7-ஆம் நாளுக்கும் 21-ஆம் நாளுக்கும் அலாரம் வைத்துவிடுங்க.

அடுத்தது வெள்ளைக்கழிச்சல். இது வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகும், சேவல் மாற்றிய பாடெல்லாம் வீண். வந்த பிறகு வைத்தியம் இல்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். பிப்ரவரியில் இரு வார முகாமும் நடக்கும். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று விசாரித்து, ஊர்க் கோழிகளை ஒன்றாகக் கொண்டு போங்க, திறந்த மருந்துக் குப்பி வீணாகாது. வெளியிலிருந்து வந்த சேவலை இரண்டு, மூன்று வாரமாவது தனியாக அடைத்து வையுங்க. திடீரென்று கோழிகள் மொத்தமாகச் செத்தால் மற்ற வீடுகளுக்குச் சேவல் அனுப்புவதை நிறுத்திவிட்டு மருந்தகத்துக்குச் சொல்லுங்க. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. வளர்ப்பில் சந்தேகம் இருந்தால் உழவர் அழைப்பு மையம் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.

போன அடையில் ஒன்பது முட்டை வைத்தேன். 7-ஆம் நாள் ராத்திரி டார்ச் அடித்ததில் எட்டில் நரம்பு ஓடியது, ஏழு குஞ்சு வந்தது. அதில் மூன்று சேவல் போலத் தெரிகிறது. கொண்டை இன்னும் சரியாக எழும்பவில்லை. எழும்பினதும் நல்லதாக ஒன்றைப் பார்த்து அக்கா வீட்டுக்குச் சிவப்பு வளையத்தோடு அனுப்பணும்.