ஊசி முனைக்கு எதிரே ஒரு விரல்

கவிதை ரசனைக்குப் பேர்பெற்ற ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்தில், கவிதை பேச வேண்டிய மேடையில், ஊசியைப் பற்றிப் பேச இடம் கொடுத்த விழாக் குழுவினருக்கு நன்றி. நானும் மருத்துவமனை வார்டில் நின்றவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

இது அருவி சீசன் நேரம். பாறையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே இரவு டியூட்டியில் இருக்கும் நர்ஸ் ரத்தம் எடுக்கிறார். வலி தாங்காமல் நோயாளி கையை வெடுக்கென்று இழுக்கிறார். ஊசி நர்ஸின் ஆள்காட்டி விரலில் ஏறிவிடுகிறது. கையுறைக்குள் ஒரு சொட்டு ரத்தம். அதற்குள் அடுத்த கட்டிலிலிருந்து குரல் வருகிறது. கையைக் கழுவிவிட்டு ஓடுகிறார். யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் முதலில் வருவது, “பார்த்துச் செய்யக் கூடாதா?” என்ற கேள்விதானே!

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் சொன்ன கணக்கு இது: உலகத்தில் 3.5 கோடி சுகாதாரப் பணியாளர்கள். அவர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் ஊசி போன்ற கூரிய பொருள்களால் குத்துப்பட்டு, நோயாளியின் ரத்தத்தில் உள்ள கிருமிக்கு ஆளாகிறார்கள். 30 லட்சம் பேருமா கவனமில்லாதவர்கள்? கோளாறு கருவியிலும் ஏற்பாட்டிலும் இருக்கிறது. குத்திய ஊசியைப் போடும் பெட்டி கட்டிலருகே இல்லாமல் வராந்தாக் கோடியில் இருந்தால், மூடியை மறுபடி மாட்டத்தான் கை போகும். அந்த நொடியில்தான் குத்துகிறது.

தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய் உள்ளவரின் ஊசி குத்தினால் 100 பேரில் 30 பேருக்கு வரை தொற்றலாம். எச்.ஐ.வி. என்றால் 1,000 பேரில் 3 பேருக்கு. நாம் பயப்படுவதோ இரண்டாவதற்கு மட்டும்!

குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது தாய்மார்கள் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் ஏ.டி. சிரிஞ்சு அது. மறுபடி பயன்படுத்த முடியாது. 2009-இல் குஜராத்தின் மொடாசாவில், போட்ட ஊசியையே மறுபடி போட்டதால் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். அத்தகைய கொடுமையை அந்தப் பூட்டு தடுக்கும். ஆனால் அது காப்பது நோயாளியை. நர்ஸின் விரலை அது காக்காது. முனை வெளியேதானே நிற்கிறது! விரலைக் காக்க வேறு வகை உண்டு: போட்டு முடித்ததும் உறை நகர்ந்து முனையை மூடும், அல்லது ஸ்பிரிங் ஊசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு பாதுகாப்புக்கும் மாறச் சொல்லி 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அமெரிக்கா 2000-இல் சட்டமே போட்டது. ஊசியைப் பிடிப்பவர்களிடம் கேட்டுத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

இன்னொருவரை நாம் மறந்தே போகிறோம். குப்பைப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளர். அவர் யாருக்கும் ஊசி போடுவதில்லை. பையை இடுப்பில் அணைத்துத் தூக்கும்போது, யாரோ அலட்சியமாக எறிந்தது அவர் தொடையில் குத்துகிறது. யாருடைய ரத்தம் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. கூரிய பொருள்களுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி வேண்டும், கழிவைத் தொடும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்.

குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். அதைக் கொடுப்பது மருத்துவமனையின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. மறைத்தால் அந்த நேரம் போய்விடுகிறது. ஆகவே மேட்ரன்களே, முதல் கேள்வியாக “எப்போது குத்தியது?” என்று கேளுங்கள்.

மருத்துவமனை நடத்தும் டாக்டர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். சிரிஞ்சுக்கு விலைப்பட்டியல் வரும்போது, ஒரு நர்ஸையும் ஒரு தூய்மைப் பணியாளரையும் பக்கத்தில் உட்கார வைத்து, மாதிரியை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன்பு இந்த வாரமே, வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸும் போட்டவர் யார், போடாதவர் யார் என்று பெயர் பெயராகப் பாருங்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.