கைப்பக்குவம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்



நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க, வறுத்தரைத்த இறைச்சிக் குழம்பைப் பற்றிப் பேச ஒரு மேடையா என்று சிலர் கேட்கலாம். இருக்கட்டும். நம் குமரி மாவட்டத்தின் நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை வட்டாரத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களிடம் பேசிப் பாருங்கள். "என்ன செய்தாலும் அம்மா வைத்த இறைச்சிக் குழம்பு மாதிரி வருவதில்லை, அது அவள் கைப்பக்குவம்" என்பார்கள். கேட்பதற்குத் தாயைப் போற்றுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழம்பைச் சாகடிப்பதே இந்தப் புகழ்ச்சிதான் என்று நான் சொல்கிறேன். கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை வரம் என்று சொல்லிவிட்டால், யாரும் அதைக் கற்க வேண்டியதில்லை, யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவோடு அதுவும் போய்விடும். பிறகு ஏங்குவது மட்டும்தான் நமக்கு மிஞ்சும்.

சட்டியில் நடப்பது என்ன என்று பார்ப்போம். பச்சைத் தேங்காயில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். துருவலை அடுப்பில் போட்டதும் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஈரம் இருக்கிறவரை சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது, நிறமும் மாறாது. ஈரம் போன பிறகுதான் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கத் தொடங்குகின்றன. இந்த மாற்றத்தை லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் விளக்கினார். நம் அம்மைமார் பெயர் வைக்காமலே அதை ஆண்டார்கள். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், உள்ளே வெளுப்பாக நிற்கும், குழம்பு கசக்கும். ஆகவே சிறுதீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். மல்லி, வத்தல் மிளகாய், நல்லமிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் காய்ந்த சரக்கு, சீக்கிரம் தீயும். அதனால் தேங்காய் சிவக்கத் தொடங்கிய பிறகே அவை சட்டிக்குப் போகும். இறக்கிய பின்னும் இரும்புச் சட்டி சூட்டை விடாது என்பதால், வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு தேங்காய் தன் எண்ணெயைக் கக்குகிறவரை தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மசாலாவின் மணம் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரைகிறது. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? வரிசை இருக்கிறது, சூடு இருக்கிறது, பொறுமை இருக்கிறது. இந்த மூன்றையும் குவைத்தில் ஒரு வாடகை அறையிலும் கொண்டுவர முடியும்.

சமையல் வரமல்ல, கற்கக்கூடியது என்பதை மற்ற ஊர்க்காரர்களைவிட நெய்யூர்க்காரர்களுக்கு எளிதாகப் புரிய வைக்கலாம். 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் இது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த மருத்துவர் சோமர்வெல், பல ஆண்டுகள் இங்கே அறுவை சிகிச்சை செய்தவர். கைராசிக்காரர் என்று மருத்துவரைப் புகழ்வது நம் வழக்கம்தான். ஆனால் சோமர்வெல் போன பிறகு அவர் வேலை பார்த்த மிஷன் மருத்துவமனை கதவைச் சாத்தவில்லையே! கைராசி கைமாறாது, கல்வி கைமாறும். மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட இந்த உண்மையை அடுப்படியில் மட்டும் ஏன் மறுக்கிறோம்?

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நம் மொழியிலேயே உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். சைவச் சமையலில் ஒரு தலைமுறையின் வீட்டறிவு அச்சேறியது. கடல் கடந்து போன பெண்களும் அதைப் பார்த்துச் சமைத்தார்கள். நம் இறைச்சிச் சமையலுக்கு அப்படி என்ன இருக்கிறது? ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், கன்னியாகுமரி கிராம்புக்கு வாங்கினோம், மட்டி வாழைக்கும் வாங்கினோம். விளைச்சலுக்கெல்லாம் பட்டயம் இருக்கிறது. அந்தத் தேங்காயை வறுக்கத் தெரிந்த பெண்ணின் அறிவுக்கு ஒரு தாள்கூட இல்லை. எழுதாததால் வந்த இழப்பு இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். எல்லை மாறியது, தேங்காயெண்ணெய்த் தாளிப்பு மாறவில்லை. அதனாலேயே மலையாளிகள் நம் குழம்பைக் கேரளச் சமையல் என்கிறார்கள். தமிழ்நாட்டு ஓட்டல்களோ காரமான இறைச்சி எதைக் கண்டாலும் செட்டிநாடு என்று பலகை எழுதுகின்றன. நாம் எழுதாத இடத்தில் மற்றவர்கள் எழுதத்தான் செய்வார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். "எங்கள் வீட்டில் எல்லாம் கண்ணளவுதான், கிராம் கணக்கு கிடையாது" என்பார்கள். சரி, கிராமை விடுங்கள். அந்தக் கண் எதைப் பார்த்தது என்று எழுதுங்கள். தேங்காய் எந்த நிறத்தில் இறங்கியது, எந்த வாசனை வந்தபோது மல்லி விழுந்தது, கொதிக்கும் குழம்பில் எப்போது எண்ணெய் மிதந்தது? அதுவும் அளவுதான். "அந்தக் காலத்துக் கோழியே இல்லையே" என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி நியாயம் உண்டு. ஆறு வாரத்தில் வளர்ந்த பிராய்லரை, ஓடித் திரிந்த நாட்டுக்கோழி போல வேகவைத்தால் நாராகும். மாட்டிறைச்சியும் முற்றிய ஆட்டிறைச்சியும் அப்படியல்ல. நெடுநேரம் வெந்தால்தான் அவற்றின் சவ்வு இளகிக் குழம்புக்குக் கொழுமை தரும். ஆகவே மாற வேண்டியது வேகும் நேரம். வறுப்பும் அரைப்பும் அப்படியே நிற்கும். காரணம் தெரிந்தவனுக்கு எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதும் தெரியும்.

மூன்றாவது மறுப்பு கனமானது: "பெண்களை மறுபடியும் அம்மியில் கட்டிப்போடப் பார்க்கிறாயா? பாக்கெட் மசாலா வந்துதான் அவர்கள் இடுப்பு நிமிர்ந்தது." நியாயமான கோபம். அம்மி திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. அரைக்கும் பாரம் அன்றே பாதி இறங்கியது. மல்லிப்பொடி, மிளகாய்ப்பொடி கடையில் வாங்குங்கள், குற்றமில்லை. வீட்டில் செய்ய வேண்டியது தேங்காயை வறுப்பது ஒன்றுதான். மாதக்கணக்கில் கடையில் கிடக்கும் பாக்கெட் மசாலாவில் அப்போதே வறுத்த தேங்காயின் மணம் வராது. அந்த வறுப்பை ஏன் பெண்தான் செய்ய வேண்டும்? கைப்பக்குவம் என்ற புகழ்ச்சியால் இத்தனை காலமும் லாபம் அடைந்தது யார்? சாப்பிட்டு எழுந்தவன். புகழ்ந்துவிட்டால் உழைப்பில் பங்கு எடுக்க வேண்டியதில்லை என்று அவன் கண்டுகொண்டான். அம்மா குழம்புக்கு ஏங்குகிற ஆண் முதலில் சட்டுவத்தைக் கையில் எடுக்கட்டும். அவன் கிளறினாலும் தேங்காய் சிவக்கும். அது ஆண் பெண் பார்ப்பதில்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான் வைக்கும் கோரிக்கை இரண்டு. சமைக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், பேரனோ பேத்தியோ அடுப்பருகில் நின்று, காரணத்தோடு அந்தக் குழம்பை எழுதி எடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வேறுபட்டால் வேறுபடட்டும், அத்தனையும் ஏட்டில் ஏறட்டும். எழுதியவர் மறு வாரமே அதைப் பார்த்துத் தானே சமைக்க வேண்டும்; தவறினால் எங்கே தவறியது என்று கேட்டுத் திருத்த வேண்டும். அந்த மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். அவர்கள் போன பிறகு கைப்பக்குவத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசினால், கேட்க நான் வர மாட்டேன்.