பாலர் வகுப்பும் பாடத்திட்டமும்: தொழிலாளர் சொல்லும் ஏடேற வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, மருந்து என்று பேசுவதற்குக் கூடும் நாம், இன்று பிள்ளைகளின் பாடத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "அது வாத்தியார் பாடு, மரம் வெட்டுகிற நமக்கு என்ன தெரியும்?" என்று சிலர் எண்ணக்கூடும். தோழர்களே, நம் ஆள் ஒருவர்கூட உட்காராத பேச்சுவார்த்தையில் சம்பள ஒப்பந்தம் எழுதினால் ஏற்போமா? பாடத்திட்டமும் ஓர் ஒப்பந்தமே. நம் பிள்ளையின் இருபது ஆண்டு வாழ்வு அதில் எழுதப்படுகிறது.

பழைய கதையைச் சற்று பார்ப்போம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளி வந்தது, ஆனால் என்ன கற்பிப்பது, யார் கற்பிப்பது என்று பெற்றோரை எவரும் கேட்கவில்லை. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். படித்த பிள்ளை மறுபடியும் வெளிக்காட்டுக்கே போனான்.

1951இல் பார்ன்ஸ் குழுவின் அறிக்கை வந்தது. தனித்தனி மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் வழங்கும் தேசியப் பள்ளியை அது பரிந்துரைத்தது. எதிர்ப்புக் கிளம்பியது, சமூகங்கள் தத்தம் கருத்தை எடுத்துரைத்தன. 1956இல் ரசாக் அறிக்கை, தொடக்கப்பள்ளியில் தமிழும் சீனமும் போதனா மொழியாக இருக்கலாம், பாடத்தின் உள்ளடக்கம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்றது. வாய் திறந்து பேசியது வீண் போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பேசவிடாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் முதலாம் ஆண்டிலேயே புகுந்தது. 2009இல் அதைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த பிள்ளைகளின் காலத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

அதன்பின் 2012இல் கல்விப் பெருந்திட்டத்துக்காக நாடெங்கும் கலந்துரையாடல் நடந்தது. 2013இல் இறுதி வடிவம் பெற்ற அத்திட்டத்துக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் கருத்துச் சொன்னதாகக் கல்வி அமைச்சு தெரிவித்தது. நல்லதே. ஆனால் அத்தகைய கூட்டங்கள் நடப்பது நகரத்து மண்டபங்களில். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய் அங்கே எப்படிப் போவாள்? வாகனம் உள்ளவரும் நேரம் உள்ளவரும் போகிறார்கள். அவர்கள் சொன்னதே மக்கள் கருத்தாக ஏட்டில் ஏறுகிறது.

இப்போது 2027இல் புதிய பள்ளிப் பாடத்திட்டத்தைத் தொடங்குவதாக அமைச்சு அறிவித்துள்ளது. இந்தச் சமயத்தில் நாம் எதைக் கேட்கவேண்டும்?

முதலாவது, பாலர் வகுப்பு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்பில் சேர்த்தது. முன்பு நம் குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகைதான் கதி; ஏணையில் ஆட்டியதோடு சரி. இன்று சட்டம் இருக்கிறது. வகுப்புதான் எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை. இது பள்ளியின் உயிரோடு ஒட்டிய காரியம். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம்மவர்கள் பட்டணம் போனார்கள். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. எஞ்சியவற்றுள் பல, 150 மாணவர்கூட இல்லாத பள்ளிகள். ஐந்து வயதில் வேறு பள்ளியின் பாலர் வகுப்புக்குப் போன குழந்தை, கூடப் படித்த தோழர்களை விட்டு ஏழு வயதில் தமிழ்ப்பள்ளிக்கு வருவது அரிது. பாலர் வகுப்பு இல்லாத பள்ளியில் முதல் வகுப்பு காலியாகும்; முதல் வகுப்பு காலியானால் பள்ளியே காலி.

இரண்டாவது, நேரமும் வாகனமும். வகுப்பு தொடங்கும் முன்பே தாய் தகப்பன் இருவரும் வேலைக்காட்டில் நிற்கிறார்கள். குழந்தையை யார் கொண்டுவிடுவது, யார் அழைத்து வருவது என்பதற்கு ஏற்பாடு இல்லையேல், வகுப்பு இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, கற்பிக்கும் முறை. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாட்டும் கதையும் விளையாட்டுமே பாடம். பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைப்பது படிப்பாகாது. குழந்தை வீட்டில் பேசும் தமிழில் தொடங்கட்டும். மலாயும் ஆங்கிலமும் உடன் வளரட்டும். தேசிய மொழியில் நம் பிள்ளை பின்தங்கினால் இடைநிலைப்பள்ளியில் ஊமையாய் உட்காருவான். ஆகவே மூன்றும் வேண்டும். ஒன்றைக் கொன்று மற்றொன்றை வளர்க்க வேண்டாம்.

"பட்டணத்துத் தனியார் பாலர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்களே" என்று ஒரு தாய் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்தக் கட்டணத்தைக் கட்ட முடிந்தவர் எத்தனை பேர்? கட்ட முடியாதவர் பிள்ளைக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இனிச் செய்யவேண்டியது என்ன? ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் கொண்ட சிறு குழு அமையுங்கள். லயம் லயமாகச் செல்லுங்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் எத்தனை பேர், மிக அருகிலுள்ள பாலர் வகுப்பு எத்தனை மைல், எத்தனை குழந்தை போகவில்லை, ஏன் போகவில்லை என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்வதைத் தெரிந்தவர் எழுதட்டும். கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், ஒரு பிரதி மாவட்டக் கல்வி இலாகாவுக்கும், ஒன்று கிளைக்கும் கொடுங்கள். ஆத்திரமாய்ப் பேசிய பேச்சு காற்றோடு போகும். கணக்கோடு கொடுத்த மனுவுக்கு அதிகாரி பதில் எழுதியே தீரவேண்டும்.

தோழர்களே! கூலி உயர்வைச் சங்கத்தால் பெற்றோம். எவரும் தானாக நீட்டவில்லை. பிள்ளைகளின் கல்வியும் அப்படியே. கேட்கும் நேரம் இது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் அந்தக் கணக்கு வந்து சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.