தறி ஓடாத இடத்தில் ஊக்கம் எங்கே?



மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்பட எத்தனையோ ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. அன்று போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், மின்துறை ஒயர்மேன் எல்லோரும் நேரம் பார்க்காமல் நிற்கிறார்கள். கோப்பு வாரக்கணக்கில் நகரவில்லை என்ற புகாரும் இதே ஊரின் அரசு அலுவலகங்களைப் பற்றித்தான். இரு தரப்புக்கும் சம்பள விகிதம் மத்திய ஊதியக்குழு வகுத்ததே. பிறகு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அரசு ஊழியரின் பணி ஊக்கம் பற்றிய இந்தக் கருத்தரங்கு விடை தேட வேண்டிய கேள்வி இது.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறக்குறைய 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து, 1959-இல் ஒரு முடிவை வெளியிட்டார். சம்பளமும் பணிச்சூழலும் குறைந்தால் மனக்கசப்பு வரும். அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் பிறக்காது. அதைத் தருபவை வேலையும், அதில் கிடைக்கும் சாதனையும், அங்கீகாரமும். அவருடைய ஆய்வு முறைமீது விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் வேலையும் அங்கீகாரமும் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க இந்தியாவிலேயே சான்றுகள் இருக்கின்றன.

முதல் சான்று, வேலை பற்றியது, இதே ஊரின் முதலியார்பேட்டையில். 1898-இல் தொடங்கி, பின்னர் அரசு வசம் வந்த ஏ.எஃப்.டி. துணி மில்லை 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் சிதைத்தது. அதன்பின் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் லே-ஆப்பில் பாதிச் சம்பளத்தோடு காத்திருந்தார்கள். 2020 ஏப்ரல் 30-உடன் மில் மூடப்பட்டது. இத்தகைய நிறுவனங்களில் தொழிலாளிக்கு ஊக்கமில்லை என்று எழுதுபவர், அந்தத் தொழிலாளி முன்னால் தறி ஓடியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அங்கீகாரம். எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத்துக்கு 1993–94 ரகசியக் குறிப்பில் கிடைத்த மதிப்பீடு 'நன்று'. பதவி உயர்வுக்குக் கடைசி ஐந்து ஆண்டும் 'மிக நன்று' வேண்டியிருந்தது. இந்த மதிப்பீடு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. பாராட்டுப் போலத் தோன்றிய அந்தச் சொல்லே பதவி உயர்வுக்குத் தடையானது. எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மத்திய அரசு அதற்கான ஆணையை வெளியிட்டது.

2016-இல் ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைப்படி, 10, 20, 30 ஆண்டுப் பணி முடிவில் கிடைக்கும் ஊதிய நிலை உயர்வுக்கும் 'மிக நன்று' கட்டாயமானது. எல்லோருக்கும் 'மிக நன்று' போட்டு மேலதிகாரி தப்பித்துக்கொண்டால் உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மதிப்பீடுதான் மிஞ்சும்.

வேலையும் அங்கீகாரமும் ஒருபுறம் இருக்க, கண்காணிப்பு மட்டும் போதுமா? ராஜஸ்தானின் உதய்பூரில் அரசு நர்ஸ்களின் வருகையை நேரப்பதிவுக் கருவியால் கண்காணித்து, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். முதல் சில மாதம் வருகை கூடியது. பிறகு மேலதிகாரிகள் 'விலக்கு நாள்' தாராளமாக வழங்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பழைய நிலையே திரும்பியது. மேலிருந்தவர்களுக்கு அதில் அக்கறையில்லை.

எனவே இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள் ஊழியரின் மனநிலையை அளக்கும் வினாத்தாளோடு நின்றுவிடக் கூடாது. கையில் வேலை இருந்ததா, மதிப்பீடு அவரிடம் காட்டப்பட்டதா, கண்காணித்த அதிகாரியை யார் கண்காணித்தார்கள் என்பதையும் சேர்த்து ஆராய வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அமர்வுகளில் மறுப்புரை வழங்குவது அதற்கு உதவும். முதல் அமர்வு தொடங்கலாம்.