பழைய மின்கலத்தின் இரண்டாம் வாழ்வு



மடிக்கணினியின் பேட்டரி அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லையெனில், அது செத்துவிட்டது என்று கூறிப் பழைய பொருள்களோடு போட்டுவிடுவது உலக வழக்கம். அதனுள்ளே உண்மையில் செத்தது எது என்று ஆராய்ந்து பார்ப்பவர் சிலரே. பழைய வகை மடிக்கணினிகளின் பேட்டரியுள் பெரும்பாலும் ஆறு உருளை வடிவ லித்தியம் மின்கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அவை பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்க்கப்பட்டு, அத்தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தொகுதி மெலிந்தால் ஏனையவும் அதன் அளவுக்கே பயன்படும். கூட்டமாக யாத்திரை செல்வோர், தம்முள் மிகத் தளர்ந்தவரின் நடைக்கே தம் நடையைக் குறைத்துக்கொள்வதைப் போன்றது அது. ஆகவே, கழிக்கப்பட்ட பேட்டரி என்பது கெட்ட மின்கலங்களின் குவியலன்று. நல்லனவும் தீயனவும் கலந்து கிடக்கும் பெட்டியாகும்.

இவ்வுண்மையை அளந்து காட்டியவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வாளர்கள். 2014ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, சோதித்த பழைய மடிக்கணினி பேட்டரிகளில் 70 விழுக்காட்டிற்குக் குறையாதவை, ஓர் எல்.இ.டி. விளக்கை நாள்தோறும் நான்கு மணி நேரத்திற்கு மேலாக ஓராண்டுக் காலம் எரிக்கும் ஆற்றலைத் தம்முள் கொண்டிருந்தன. நல்ல மின்கலங்களைத் தேர்ந்தெடுத்து, மின்னேற்றத்தை ஒழுங்குபடுத்தும் சுற்றோடு இணைத்து, அவர்கள் ஒரு பெட்டியைச் செய்தனர். ஆற்றலைக் குறிக்கும் ‘ஊர்ஜா’ என்னும் வடசொல்லை உள்ளடக்கி அதற்கு ‘உர்ஜார்’ என்று பெயரிட்டனர். விளக்கு, சிறு மின்விசிறி, கைபேசி மின்னேற்றி ஆகியவற்றை இயக்கவல்ல இப்பெட்டி பெங்களூரில், மின்வசதி குறைந்த எளியோரிடம் தந்து சோதிக்கப்பட்டது. பயன்படுத்தியோர் வேண்டியவை இரண்டு: எலி கடியாத கம்பி, இன்னும் ஒளிமிக்க விளக்கு. ஆய்வுக்கூடத்தில் எவருக்கும் தோன்றாத எலி, குடிசையில் வாழ்வோர்க்கு முதற்கண் தோன்றியது. மக்களிடம் கேட்டறியாத ஆய்வு முழுமை பெறாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மின்வண்டிகளின் பேட்டரிகளுக்கும் இதே நெறி பொருந்தும். தொடக்கத்தில் இருந்த கொள்ளளவில் எழுபது, எண்பது விழுக்காடு எஞ்சிய நிலையிலேயே அவை வண்டிக்குப் போதா எனக் கழிக்கப்படுகின்றன. பாரம் சுமந்து விரைந்தோட அவ்வளவு போதாது. மெல்ல ஓடும் சிறு வண்டிக்கோ, ஓரிடத்தில் நின்று விளக்கேற்றுவதற்கோ அது மிகுதி. பெங்களூரிலும் பெர்லினிலும் இயங்கும் இலாப நோக்கற்ற நுனம் என்னும் அமைப்பு, ஆடி மகிழுந்துகளின் சோதனை வண்டிகளில் பயன்பட்ட பேட்டரிகளைக் கொண்டு மூன்று மின் ரிக்‌ஷாக்களை 2022ஆம் ஆண்டில் உருவாக்கியது. ஜெர்மனியில் நெக்கார்சுல்ம் ஆலையில் தொழில் பயிலும் மாணவர்கள் அப்பணியில் பங்குகொண்டனர். சரக்குகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் மகளிர்க்கு அவ்வண்டிகள் பயன்பட வேண்டும் என்பதும், ரிக்‌ஷாவிலும் தளர்ந்த பின் அம்மின்கலங்கள் விளக்குக்கு உதவ வேண்டும் என்பதும் திட்டம். ஆய்வும் கல்வியும் சமூகப் பயனும் ஒரே முயற்சியில் கைகோத்த நிகழ்ச்சி இது.

இவற்றைக் கேட்டு உள்ளம் கிளர்ந்த மாணவர்கள் வீட்டிலுள்ள பழைய பேட்டரியை உடனே உடைத்துப் பார்க்க முற்படுதல் ஆகாது. உப்பிய மின்கலம், நசுங்கிய மின்கலம், நீர்பட்ட மின்கலம் ஆகியவை தீப்பற்றக்கூடியவை. மின்னழுத்தத்தை ஒருமுறை அளந்து நல்லது என முடிவு செய்வதும் பிழை. முழுதும் மின்னேற்றி, சில நாள் வைத்திருந்து, தானே இறங்குகிறதா என்று பார்த்து, பின்னர் மின்னிறக்கி அதன் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். அகத்தடையும் வெப்பமும் அளக்கப்பட வேண்டும். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் ஆய்வகத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யத்தக்க பயிற்சி இது. ஒரு பாடநூலில் படிக்கும் மின்னியலைவிட, நூறு பழைய மின்கலங்களை அளந்து தரம் பிரிக்கும் மாணவன் ஆழமாகக் கற்பான்.

இறுதியாக நிற்பது பொறுப்பு என்னும் கேள்வி. இரண்டாம் வாழ்வு பெற்ற மின்கலமும் ஒருநாள் ஓயும். அன்று அதை யார் திரும்பப் பெறுவார்? பழைய பேட்டரியால் ஆன விளக்கை ஏழைக் குடும்பத்திற்கு அளித்துவிட்டு, பின் அப்பக்கம் திரும்பாதிருப்பின் அது கொடையன்று. தம் வீட்டுக் குப்பையைப் பிறர் வீட்டிற்கு மாற்றியதே ஆகும். இந்திய அரசின் 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரிகளைப் புதைப்பதையும் எரிப்பதையும் தடுக்கின்றன. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கோ புதுப்பித்தலுக்கோ அனுப்பும் கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பயன்படுத்துவோரும் அவற்றை ஏனைய கழிவுகளோடு கலவாமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன.

ஆதலின், சமூக விளக்குத் திட்டம் தொடங்க விரும்பும் எந்த அமைப்பும் மூன்றை முன்னரே உறுதி செய்தல் வேண்டும்: அளந்து தரும் கல்லூரி ஒன்று, பழுது நீக்கும் இளைஞர் இருவர், ஓய்ந்ததைத் திரும்பப் பெறும் நாள் குறித்த ஏடு ஒன்று. விளக்கு எத்தனை வீடுகளில் ஏற்றப்பட்டது என்பதோடு, எத்தனை மின்கலங்கள் முறையாகத் திரும்பி வந்தன என்பதும் அந்த ஏட்டில் எழுதப்படுமாயின், அத்திட்டம் நெடிது நிற்கும்.