பல்செட்டும் முகமும்

பற்களை எல்லாம் எடுத்த பிறகு முகம் மாறுவது வயதால் மட்டும் அல்ல. பல்லைத் தாங்கிய தாடை எலும்பு, வேலையில்லாமல் போனதும் கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெதுவாக. கீழ்த்தாடையில் தேய்வு அதிகம். உதடு உள்வாங்கும், கன்னம் ஒட்டும், மோவாய் துருத்தியதுபோல் தெரியும்.

பல்செட் உதட்டை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். ஆனால் மேல்செட் அண்ணத்தை மூடிவிடுவதால் காபியின் சூடு சரியாகத் தெரியாது. தொண்டை வெந்துவிடக்கூடும், ஆறவைத்துக் குடிப்பதே நல்லது. பேச்சும் சில வாரம் குழறும். செய்தித்தாளை உரக்கப் படித்தால் நாக்கு பழகும். முறுக்கை முன்பல்லால் கடித்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சிறு துண்டாக்கி இருபுறமும் மெல்ல வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுவது ஈறுக்கு ஓய்வு. எலும்பு தேயத் தேய செட் தளரும். பல் மருத்துவர் உட்புறத்தில் புது அடுக்கு சேர்த்து அதைச் சரிசெய்வார்.