அஞ்சு வரிசை

தரையில உட்கார்ந்திருக்கிற என் தாய்மார்களே! நூலக விழாவுல ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்குன்னு கேட்காதீங்க. இங்க இருக்கிற ஆத்தாமார்ல பாதிப் பேர் காலையில ஓ.பி. சீட்டுக்கு நின்னுட்டு வந்தவங்கதான்.

எங்க அம்மாவுக்குச் சுகர். முதல் பஸ் ஏறிப் போவாங்க. சீட்டுக்கு ஒரு வரிசை. டாக்டருக்கு ஒரு வரிசை. ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. ரிசல்ட்டைக் காட்ட மறுபடியும் டாக்டர் வரிசை. மாத்திரை ஜன்னல்ல இன்னொரு வரிசை. அஞ்சு வரிசை ஐயா! சுகர்காரி, வெறும் வயித்தோட! ஒருநாள் அந்த ஜன்னல்கிட்டயே மயங்கி விழுந்தாங்க. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஒத்தை ஆளா நூறு, இருநூறு பேரைப் பார்க்கிற மனுஷன் அவர்.

அங்கே ஒரு நர்ஸ் அம்மா இருந்தாங்க. பேர் சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது. ரூமை விட்டு வெளியே வந்து வரிசை நெடுக நடந்தாங்க. “மாத்திரை மட்டும் வாங்க வந்தவங்க இந்தப் பக்கம். பிள்ளைத்தாச்சி உள்ளே வாம்மா. காய்ச்சல்காரங்க தனியா உட்காருங்க.” அவ்வளவுதான்! வரிசை பாதியாச்சு. புதுக் கட்டடம் கட்டல, மிஷின் வாங்கல. எழுந்து நடந்தாங்க!

கைதட்டுங்க, அந்தத் தாய்க்குத் தட்டுங்க!

அதே மாதிரி நம்ம மதுரையில டாக்டர் வெங்கடசாமி என்ன செஞ்சார்? அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல, 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்துல கோணிப்போன விரல்கள் அவருக்கு. ஆபரேஷன் அறையில ரெண்டு மேசையைப் பக்கத்துல பக்கத்துல போட்டார். ஒரு மேசையில ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில அடுத்தவர் தயாரா இருப்பார். கிராமத்துப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கூட நிறுத்தினார். டாக்டர் கை டாக்டர் வேலையை மட்டும் பார்த்துச்சு. அதனாலதான் லட்சக்கணக்கான ஏழைங்க காசில்லாம கண்ணு பெற்றாங்க!

ஒருத்தர் போன மாசம் பக்கத்து ஊர் மேடையில, “இலவச வைத்தியம்னா காத்துக் கிடக்கத்தான் வேணும்”னு பேசியிருக்கார். பேர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஐயா, வரிசையில ஒரு கிழவி காத்துக் கிடந்த அரை நாள் அவ அரை நாள் கூலி! கூட வந்த மகளுக்கும் கூலி போச்சு! இதுக்குப் பேர் இலவசமா? நீங்க ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த வெயில்ல வந்து நில்லுங்க. நான் உங்களுக்குக் குடை பிடிக்கிறேன்!

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு அரசாங்கத் திட்டம் தொடங்கினாங்க. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருது. நல்ல காரியத்தை யார் செஞ்சாலும் நான் சொல்லுவேன். ஆனா புதுசா நெஞ்சு வலிக்குதுன்னு வர்றவனுக்கு இன்னும் அதே சீட்டு வரிசைதானே?

அந்த நர்ஸ் அம்மாவுக்கு மாறுதல் வந்துருச்சு. இப்ப வரிசை மறுபடியும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நிக்குது. அவங்க செஞ்சதை எழுதி, அடுத்து வர்றவங்க கையில யாரும் கொடுக்கல. நாளைக்கு நானே மனு எழுதுறேன். வரிசையைப் பிரிச்சு அனுப்ப ஓ.பி. வாசல்ல தினமும் ஒரு ஆள் வேணும். ரத்தம் கொடுக்க வர்றவங்களுக்கு விடியற்காலையிலேயே ஜன்னல் திறக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் உட்கார பெஞ்சு வேணும்.

மனுவுல கையெழுத்துப் போட நோட்டு அந்தத் தூண்கிட்ட இருக்கு. முதல் பெஞ்சு எங்க அம்மா பேர்ல நான் தர்றேன். ரெண்டாவது பெஞ்சுக்கு யார் கை தூக்குறீங்க?